இந்த வாரம் கைப்பிடி

"இந்த வாரம் கைப்பிடி, அத்தான்" என்றபடி மாமா உள்ளங்கையை விரித்தார். கார்க் கதவின் உட்பக்கக் கைப்பிடி இரண்டு துண்டாகக் கிடந்தது.

அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. எதிரே தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் பார்வை அதற்குச் சற்று மேலே, வெறும் சுவரில் நின்றிருந்தது.

அம்மா இறந்ததிலிருந்து இப்படித்தான். தட்டை வைத்தால் சாப்பிடுவார், விளக்கை அணைத்தால் படுப்பார்.

மகளுக்கும் அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை. நாளைக் காலை அவள் வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுவிட வேண்டும். இவரை இப்படி விட்டுவிட்டு எப்படிப் போவது? பெட்டி பாதி அடுக்கியபடி கட்டிலில் திறந்து கிடந்தது.

"போன வாரம் ஏசி காத்து வர்ற ஜன்னல். அதுக்கு முந்தின வாரம் டேஷ்போர்டு பெட்டி மூடி. இப்ப இது" என்று மாமா புலம்பினார். "கைப்பிடி மட்டும் தனியா வராதாம். கதவோட உள்பலகையையே மாத்தணும்னான் கடைக்காரன். விலையைக் கேட்டதும் அவன் நாற்காலியிலயே உக்காந்துட்டேன்."

"டிரைவர் பக்கமா?" அன்று அப்பா பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஆமா. கண்ணாடிய இறக்கி, கைய வெளியே விட்டுத் திறந்து இறங்குறேன். 'சொந்தக் கார்லயே திருடுறீங்களா'ன்னு பக்கத்து வீட்டுக்காரர் கேக்குறார்."

அப்பா சிரிக்கவில்லை. ஆனால் கையை நீட்டினார்.

துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்து, உடைந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். வெயிலில் வெந்த பிளாஸ்டிக் உடைந்தால் விளிம்பு மாவாக உதிரும் என்று போன வாரம் அவரே சொல்லியிருந்தார். இது உதிரவில்லை, பளிச்சென்று புதிதாக இருந்தது. நல்லவேளை, ஒட்ட வசதி என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

"பசை போட்டா ஒட்டாதா அத்தான்?"

"ஒட்டும். நீ கதவத் திறக்கிற வரைக்கும்."

அவர் எழுந்து மேசை இழுப்பறையைத் துழாவி ஒரு ஜெம் கிளிப்பை எடுத்தார். அதை நிமிர்த்திச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கினார்.

"இது இழுக்கிற இடம் மாப்ளே. வெறும் பசை இழுவைக்கு நிக்காது. உள்ளுக்குள்ள கம்பி இருந்தாத்தான் பிடிச்சு நிறுத்தும்." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை, ஆனால் பேச்சு நிற்கவில்லை.

இரண்டு துண்டுகளையும் சேர்த்து மாமாவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஒவ்வொரு கம்பியையும் குறட்டால் பிடித்து, மெழுகுவத்தியில் சூடாக்கி, பின்பக்கத்தில் விரிசலுக்குக் குறுக்கே வைத்து அழுத்தினார். பிளாஸ்டிக் இளகிக் கம்பியை உள்ளே வாங்கிக்கொண்டது. கிழிந்த துணிக்குத் தையல் போட்டது போல இருந்தது.

"இப்ப சமையல் சோடா வேணும்."

மகள் எழுவதற்குள் அவரே சமையலறைக்குள் போய்விட்டார். அம்மா போன பிறகு அங்கே அவர் கால் வைத்ததே இல்லை. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்து மூடும் சத்தம் கேட்டது.

"மாமா, நான் போயிட்டா இவர யாரு பாத்துக்குவா?" என்றாள் மெதுவாக.

"நான் ஞாயிறானா வந்துடுவேன்மா."

"கார்ல எதுவும் உடையாத வாரம்?"

"என் கார்லயா? அதுல உடையறதுக்கு இன்னும் எவ்வளவோ இருக்கு."

அப்பா ஒரு டப்பாவோடு வந்தார். "உங்கம்மா ஒரு டப்பாலயும் பேர் எழுதி வெச்சதில்ல" என்றார், யாரிடமும் சொல்லாதது போல.

கம்பிகளின் மேல் சூப்பர் க்ளூவைச் சொட்டு விட்டு, சோடாவைத் தூவினார். லேசாகப் புகைந்தது. "தள்ளி நில்லு, கண்ணு எரியும். பசையும் சோடாவும் சேர்ந்தா அந்த நிமிஷமே கல்லாயிடும். பள்ளம் முழுக்க ரொம்பிடும், பாரு. இனி தேய்ச்சு மட்டம் பண்ண வேண்டியதுதான். உன் நகம் தேய்க்கிற அரத்தக் குடு."

"ஐயோ அப்பா, அது புதுசு!"

"இனிமே அது கார் அரம்."

தேய்த்து முடித்ததும் மூவரும் தெருவுக்கு வந்தார்கள். அப்பா கைப்பிடியைக் கதவில் பொருத்தி, திருகாணியை முடுக்கி, காருக்குள் உட்கார்ந்து இழுத்தார். டக்கென்று கதவு திறந்தது. மூடிவிட்டு மறுபடி இழுத்தார், மறுபடியும் திறந்தது.

"கடைக்காரன் தோத்தான்!" மாமா கைதட்டினார். "இந்தக் கார எந்த நேரத்துல வாங்கினேனோ, வாராவாரம் உங்களுக்குத் தொந்தரவு."

அப்பா இறங்கிக் கையிலிருந்த வெள்ளைத் தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மாமா ஏறி வண்டியைக் கிளப்பினார். அப்பா ஜன்னலருகே குனிந்தார். முகத்தில் அதே வெறுமைதான்.

"நாளைக்கு இவளும் ஊருக்குக் கிளம்பிடுவா. இந்தக் கைப்பிடி வேலை அரை நாளுக்குக்கூட வரல."

"அதுக்கென்ன அத்தான்?"

"அடுத்த வாரம் கொஞ்சம் பெருசா எதையாவது உடைச்சுட்டு வா மாப்ளே."