வண்டிக்கு என்ன வியாதி?

"காலமெல்லாம் டீசல் வண்டிதான் ஓட்டுறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிறீங்க. அது ஒரு வாரமா ஏன் எடுக்கலைன்னு கண்டுபிடிக்கத் தெரியல. பேசாம மாட்டு வண்டி ஓட்டியிருக்கலாம். அடம் பிடிச்சா வாலையாவது முறுக்கியிருக்கலாம்."

காபி டம்ளரோடு வாசற்படியில் நின்று அவள் சொன்னது தெருவுக்கே கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள்.

கணவர் வேனுக்குள் உட்கார்ந்தபடி மறுபடி சாவியைத் திருப்பினார். செல்ஃப் சுற்றியது, கனைத்தது, அலுத்துப்போய் அடங்கியது. இன்ஜின் மட்டும் எடுக்கவில்லை.

அதற்குள் எதிர்வீட்டுக்காரர் வந்துவிட்டார். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வைத்திருந்ததில்லை என்பதால், வண்டிகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. முந்தாநாள் ஹீட்டர் பிளக் என்றார். நேற்று ஃபில்டரில் அடைப்பு என்றார். இன்று, டீசல் பைப்பில் காற்று புகுந்துவிட்டது என்று தீர்ப்பாயிற்று. கணவருக்கோ முதல் நாளிலிருந்து ஒரே பதில்தான். பேட்டரி.

"பேட்டரி வீக்குன்னா செல்ஃப் எப்படி மாப்ளே இந்தச் சுத்து சுத்தும்?"

அந்த ஒன்றை மட்டும் எதிர்வீட்டுக்காரர் சரியாகத்தான் கேட்டார்.

"நல்லா கேளுங்கண்ணே," என்றாள் அவள். "வீக்கா இருக்கிற பேட்டரி வண்டியோடது இல்ல. டிரைவர் சீட்டுல உக்காந்திருக்கு."

"விடு தங்கச்சி, பாவம் மனுஷன்."

தெருவில் எல்லோருக்கும் அதே எண்ணம்தான். காய்கறி லோடு அடித்தே குடும்பத்தைக் கரையேற்றியவர். அவருக்குப் போய் இப்படி ஒரு வாய் வாய்த்ததே என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த வாய்க்குச் சொந்தக்காரிக்கு, வண்டிக்கு என்ன வியாதி என்று தெரியும். அதை உண்டாக்கியவளே அவள்தான்.

அந்தக் காலத்து டீசல் வேன் அது. சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்த முடியாது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கம்பி இருக்கும். அதை இழுத்தால் டீசல் நின்று இன்ஜின் அணையும். திரும்ப உள்ளே தள்ளாமல் விட்டால், செல்ஃப் எவ்வளவு சுற்றினாலும் வண்டி எடுக்காது. கம்பியின் தலையில் இருந்த குமிழ் என்றைக்கோ உடைந்துபோனது. இப்போது வெறும் கம்பிதான் இருட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது.

காலையில் அவர் பல் விளக்கப் போனதும் அதை இழுத்து, பக்கத்து போல்ட்டில் மாட்டிவிடுவாள். அவர் தோற்று, குளிக்கப் போனதும், வேறு யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதே என்று பழையபடி உள்ளே தள்ளிவிடுவாள். நடுவில் நாலு வார்த்தை திட்டுவாள். திட்டுகிறவள் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

எல்லாம் அவர் கண்ணால் வந்தது. இனி வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். டாக்டருக்குத்தான் கண் சரியில்லை என்று இவர் சொன்னார். போன மாதம் நடைபாதையில் ஏற்றி, செருப்புத் தைப்பவரின் பெட்டியை நொறுக்கிவிட்டு வந்தார். நடைபாதை ரோட்டுக்கு வந்துவிட்டது என்று விளக்கம் வேறு. பெட்டிக்காரர் அப்போதுதான் டீ குடிக்க எழுந்து போயிருந்தாராம்.

மகன் சாவியை ஒளித்து வைத்தான். அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. "என்னைக் குருடன்னு முடிவு பண்ணிட்டீங்க, இல்ல?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவரின் முதுகு குலுங்கியதை அவள் பார்த்தாள். சாவியைக் கொடுத்துவிடச் சொன்னவளும் அவள்தான். வண்டி கெட்டுப்போனால் மானம் போவது வண்டிக்குத்தானே.

எதிர்வீட்டுக்காரர் பைப்பில் காற்று என்று தீர்ப்புச் சொன்னதற்கு மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவள் அசந்துவிட்டாள். செல்ஃப் சத்தம் கேட்டுத்தான் கண் விழித்தாள்.

கம்பியை இழுக்கவில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரம். செருப்புகூடப் போடாமல் ஓடினாள். நிறுத்துங்க என்று கத்த வாயைத் திறந்தாள். தெருவுக்கே கேட்கிற அந்தக் குரல் இன்றைக்குப் பார்த்து வெளியே வரவில்லை.

செல்ஃப் சுற்றியது. கனைத்தது. அலுத்துப்போய் அடங்கியது.

அவர் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். "சனியன், பேட்டரியேதான்," என்று எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பொய்யாக வரவழைத்த வியாதி மெய்யாகவே வந்துவிட்டதா? வேனில் ஏறி, ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டாள்.

கம்பி முழுசாக வெளியே இழுக்கப்பட்டிருந்தது. போல்ட்டில் மாட்டியிருக்கவில்லை. சணல் கயிற்றால் கட்டியிருந்தது. எந்தப் பள்ளத்தில் வண்டி குலுங்கினாலும் மூட்டை சரியாமல் பிடித்துக்கொள்கிற முடிச்சு. அந்த வீட்டில் அதைப் போடத் தெரிந்தவர் ஒருவர்தான்.

மெல்ல உள்ளே வந்தாள். அவர் அடுப்பில் வெந்நீர் வைத்திருந்தார்.

"காய்ச்சல் விட்டுச்சா?"

தலையை ஆட்டினாள்.

"நாளைக்கும் நல்லா தூங்கு," என்றார் அவர், கண்ணெதிரே இருந்த டம்ளரைத் தேடி மேஜையைத் தடவிக்கொண்டே. "கம்பியை நானே இழுத்துக்கறேன்."