மீசைக்குச் சொந்தக்காரி

மீசை என்பது அதை வைத்திருக்கும் ஆணுக்குச் சொந்தம் என்று பலரும் நம்புகிறார்கள். முற்றிலும் தவறு. கல்யாணம் ஆன மறுகணமே அது மனைவியின் சொத்தாகிவிடுகிறது. கணவர் சுமப்பதோடு சரி.

கணக்கு வாத்தியாரின் மனைவிக்கு இதில் துளியும் சந்தேகம் கிடையாது. அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததே அந்த மீசையைப் பார்த்துத்தான்.

அதைத்தான் அவர் திங்கட்கிழமை காலை, ஒரு வார்த்தை கேட்காமல் மழித்துவிட்டு வந்து நின்றார்.

"என்னங்க இது?"

"சும்மாதான்."

அத்தனை வருஷத்து மீசையை யாரும் சும்மா எடுப்பதில்லை. ஆன்லைன் வகுப்பு ஆரம்பித்ததிலிருந்தே மனிதர் சரியில்லை. ஒரே பாடத்தைத் திரையில் நடத்துவார். சிக்னல் கிடைக்காதவர்களுக்கு வெறும் குரலாகப் பதிந்து அனுப்புவார். பார்வை மங்கலான பையனுக்குப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்புவார். அதுவரைக்கும் சரி. போன வாரம் முகத்துக்கு நேராக ஒரு விளக்கை வாங்கி வைத்தார். கேமராவை மூக்குக்குக் கிட்டே இழுத்தார். கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். இப்போது மீசையும் போயிற்று.

செய்தி எப்படியோ தங்கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் போனில் சிரித்தாள்.

"மாமாவுக்குப் பத்து வயசு குறைஞ்சிடுச்சாமே. ஒரு கண்ணு வச்சுக்கோக்கா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று மதியம் மனைவி அவர் அறைக்குள் நுழைந்தாள். வகுப்பு முடிந்திருந்தது. திரையில் ஒரே ஒரு மாணவி. வாத்தியார் அவளைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். சத்தமே வரவில்லை.

மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

மாணவி சொற்களை இழுத்து இழுத்துப் பேசினாள்.

"இன்னிக்குத்தான் சார் ஒரு வார்த்தை விடாம புரிஞ்சுது. மீசை இருந்தப்போ பாதி வார்த்தை அதுக்குள்ளேயே போயிடும். கீழ ஓடுற எழுத்தும் தப்புத் தப்பா வரும். படிப்பையே விட்டுடலாம்னு இருந்தேன்."

கொஞ்சம் தயங்கினாள்.

"எனக்குக் காது கேக்காதுன்னு யார்கிட்டயும் சொல்லலையே சார்?"

வாத்தியார் இல்லையென்று தலையாட்டினார். மனைவி வந்த சுவடு தெரியாமல் வெளியேறினாள்.

சாயங்காலம் தங்கை மறுபடி கூப்பிட்டாள்.

"என்னக்கா, மாமாவை ஒரு வழி பண்ணிட்டியா?"

"எதுக்குடி? அவர் முகத்துக்கு இதுதான் எடுப்பா இருக்கு."

மறுநாள் அவள் கடைக்குப் போய்வந்த பையில், சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் நடுவே ஒரு பாக்கெட் பிளேடு இருந்தது.