இரண்டு சம்மதங்கள்

ரேஷன் அட்டை விவகாரம் என்று நினைத்து, எனக்கும் மனைவி பூங்கோதைக்கும் சேர்த்து செல்போனில் வந்த அரசுச் செய்திக்கு நானே ‘சம்மதம்’ அழுத்திவிட்டேன். எங்கள் வீட்டில் ஓடிபி என் இலாகா. படித்துப் பார்ப்பது யார் இலாகா என்று இதுவரை முடிவாகவில்லை.

மறுநாள் அரசு நன்றி சொன்னது. மக்கள் சம்மதத்தோடு எதிரி நகரத்தின் மேல் அணுகுண்டு போட்டாயிற்றாம்.

“கோடி ஓட்டுல ரெண்டு எம்மாத்திரம் சார்?” என்று ஆபீசில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன்.

வீட்டு டிவியில், அந்த நகரத்தில் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் வெறும் தரை.

“படிச்சிருந்தா அழுத்தியிருக்க மாட்டேன்ல, கோதை?”

“அழுத்தியிருப்பீங்க. ‘ஒண்ணு போட்டாத்தான் அடங்குவானுங்க’ன்னு முந்தாநாள் இட்லி தின்னுக்கிட்டே சொன்னீங்க. நான்தான் அழுத்தியிருக்க மாட்டேன்.”