குறை சொல்ல ஓர் எண்

குறைப் பதிவேட்டில் ஓர் எழுத்துகூட இல்லை.

மூன்று வருடம், ஆயிரத்து நூறு மாணவர்கள், அத்தனையும் வெள்ளைத் தாள். இணையவழிப் பட்டப்படிப்பின் இயக்குநர், பிள்ளையின் மதிப்பெண் அட்டையை நீட்டும் தாயைப் போல அதை ஆய்வுக்குழுவின் முன் நீட்டினாள்.

பேராசிரியர் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார். கணினி நிபுணர் தன் தாளில் சரி போட்டார். கடைசிக் கட்டம் இது. இதைத் தாண்டிவிட்டால் அங்கீகாரம் கைக்கு வந்துவிடும். வராவிட்டால் இந்த வருடம் முடிக்கிறவர்கள் பட்டத்தைக் கண்ணாடிக்குள் மாட்டிக்கொள்ளலாம். வேலை கேட்டு ஓரிடத்திலும் காட்ட முடியாது.

குழுவின் மூன்றாவது ஆளுக்கும் படிப்புக்கும் வெகுதூரம். வெளியாள் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்று விதி. அதற்காக வந்தவர், லாரிப் பட்டறையில் நாற்பது வருடம் கிடந்த பெரியவர். காலையிலிருந்து அவரை ஒப்புக்குச் சப்பாணியாகத்தான் வைத்திருந்தார்கள். பிஸ்கட் தட்டை மட்டும் அவ்வப்போது அவர் பக்கம் தள்ளினார்கள்.

அவர் பதிவேட்டை மூடினார்.

"ஏம்மா, என் வீட்டுல நாலே பேரு. உப்பு கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சுன்னு தினம் ஒரு பஞ்சாயத்து. இங்க ஆயிரம் பேருக்கு ஒரு குறையும் இல்லையா?"

"எங்க பிள்ளைங்க திருப்தியா இருக்காங்க ஐயா," என்றாள் இயக்குநர். மூலையில் இருந்த தொலைபேசியைக் காட்டினாள். குறை கேட்பதற்கென்றே வைத்தது. அதற்கென்று ஓர் எழுத்தர் வேறு. மூன்று வருடமாக அதைத் துடைத்து வைப்பதுதான் அவருக்கு வேலை.

பெரியவர் தன் பழைய பொத்தான் கைபேசியை எடுத்தார். மேசைக் கணினியில் பல்கலைக்கழகத்தின் வலைப்பக்கம் திறந்திருந்தது. அதிலிருந்த குறை எண்ணைத் திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்து அழுத்தினார்.

எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள். எழுத்தர் நிமிர்ந்து உட்கார்ந்து காலரைச் சரிசெய்துகொண்டார்.

பெரியவரின் காதில் மணி அடித்தது. மூலையில் அடிக்கவில்லை.

அவர் ஒலிபெருக்கியில் போட்டார். தையல் இயந்திரத்தின் கடகடப்பு. அதற்கு மேலே ஒரு பெண்குரல்.

"சொல்லுங்க, பரீட்சைப் பக்கம் திறக்கலையா? பதறாதீங்க. வெளிய வந்துட்டு மறுபடி உள்ள போங்க. முதல் எழுத்து பெரிய எழுத்து, அதைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க."

"நீங்க யாரும்மா?"

துணி தைக்கிறவளாம். வலைப்பக்கத்தில் எண்ணை ஏற்றிய மகராசன் கடைசி இலக்கத்தில் ஏழுக்குப் பதில் ஒன்று என்று அடித்துவிட்டிருந்தான். எழுத்தர் இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

முதலில் ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிடுவாளாம். வைத்ததும் அதே ஆள் திரும்பக் கூப்பிட்டு அழுவான். குறை சொல்ல இந்த ஒரு நம்பர்தான் போட்டிருக்கு அக்கா, வேற யாருகிட்ட கேட்பேன் என்பான். ஒருவன் தானாகத் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த வழியைக் கேட்டு வைத்துக்கொண்டு அடுத்தவளுக்குச் சொல்வாள். அவள் கண்டுபிடித்ததை அதற்கடுத்தவனுக்கு. காஜா எடுத்துக்கொண்டே, பட்டன் கட்டிக்கொண்டே, மூன்று வருடம் இப்படியே ஓடிவிட்டதாம்.

பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். இது வெறும் எழுத்துப்பிழை, நிர்வாகத்துக்குத் தெரியாமல் நடந்தது என்றால் திருத்திக்கொள்ள ஒரு மாத அவகாசம் உண்டு, அங்கீகாரம் நிற்காது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சொல்லியும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால்தான் ரத்து.

இயக்குநருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பெரியவருக்கு அப்படியெல்லாம் எதையும் நம்பிப் பழக்கமில்லை. "நம்பர் தப்புன்னு இவங்ககிட்ட நீங்க சொல்லலையாம்மா?"

"சொல்லாம இருப்பேனா? முதல் மாசமே ஆபீசுக்குப் போன் பண்ணேன். ஒரு மேடம் எடுத்தாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, குறை ஏதும் இருந்தா அதுக்குன்னு தனி நம்பர் இருக்கு, அங்க சொல்லுங்கன்னு நம்பரையும் படிச்சுட்டு வச்சுட்டாங்க. படிச்சது என் நம்பர்."

எழுத்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தார்.

"யாரும்மா அந்த மேடம்?"

"பேரு கேட்டுக்கலைங்க."

இயக்குநர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேர்க்கை நடந்த அந்த மாதம் அலுவலகத்தில் மூலை எழுத்தரைத் தவிர வேறு ஆளே கிடையாது. வந்த அழைப்பையெல்லாம் எடுத்தது அவள் ஒருத்திதான். அந்த வாக்கியத்தை ஐநூறு பேருக்காவது கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்திருப்பாள். இந்தக் குரல் அவற்றில் எது என்று நினைவில்லை. நினைவில்லாததை யாரும் கேட்கவும் போவதில்லை. அவள் சும்மா இருந்தால் போதும்.

பேராசிரியரின் பேனா 'அவகாசம்' என்ற கட்டத்தின் மேல் இறங்கியது.

"நான்தாம்மா எடுத்தேன்," என்றாள் இயக்குநர்.

பேனா அந்தரத்தில் நின்றது. மறுமுனையில் தையல் இயந்திரமும் நின்றது.

"நீங்களா? நல்லதாப் போச்சு மேடம். என்னால முடிஞ்சதை நான் பார்த்துட்டேன். முடியாததை எல்லாம் எழுதி வச்சிருக்கேன். இருங்க, முதல்லேருந்து படிக்கிறேன்."

பெரியவர் தன் மதிப்பீட்டுத் தாளைப் பின்பக்கம் திருப்பி, பேனாவை அதன்மேல் வைத்து, இயக்குநரின் பக்கம் நகர்த்தினார்.

மறுமுனையில் ஒரு நோட்டு பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்குப் புரளத் தொடங்கியது. பேனாவைப் பிடித்தபடி அவள் காத்திருந்தாள். பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.