கீழ் டிவிஷனுக்குப் போன முட்டை

பாக்கியலட்சுமி கையும் களவுமாகப் பிடிபட்டாள். மோட்டார் சைக்கிள் கூடையில் முட்டைகள், பால் பாக்கெட்டுகள்.

"இதை எங்கே கொண்டு போறீங்க அக்கா?" ஜனகா வழிமறித்தாள்.



ஜனகா பொருளாதார ஆய்வாளர். ரெம்பியா ஊர்ப் பக்கத்து செம்பனைத் தோட்டத்தில், மேல் டிவிஷன் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மட்டும், அங்கேயே வசிக்கும் பாக்கியலட்சுமி மூலம் தினமும் முட்டையும் பாலும் கொடுக்கிறாள். கீழ் டிவிஷனுக்கு வேண்டுமென்றே எதுவும் கிடையாது. ஒரு பக்கம் பசித்திருந்தால்தானே ஒப்பிட்டுப் பார்க்க முடியும்! மேல் டிவிஷன் பிள்ளைகள் கூடுதலாக எடை போட்டால், இதே திட்டம் ஏழை நாடுகளுக்குப் போகும், லட்சக்கணக்கான பிள்ளைகள் சாப்பிடுவார்கள். இல்லையென்றால் பணம் தருகிறவர்கள் கைகழுவிவிடுவார்கள்.

இன்று காலை எடை பார்த்தாயிற்று. இரண்டு டிவிஷனும் ஒரே மாதிரி.

"கடையில வித்துட்டீங்களா?"

"ஐயோ, சாமி சத்தியமா இல்ல மிஸ்!"

"பிள்ளைங்க சாப்பாட்டுல கை வைக்க எப்படி மனசு வந்துச்சு? ஒங்கள நம்பித்தானே பொறுப்பைக் குடுத்தேன்!"

சத்தம் கேட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். பாக்கியலட்சுமியைச் சுற்றி அரணாக நின்றுகொண்டார்கள். எல்லாரும் கூட்டுக் களவாணிகள்தான் என்று ஜனகாவுக்குப் பட்டது. ஆத்திரத்தில் கைப்பேசியை எடுத்தாள்.

"போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணப் போறேன்."

"வேணாம்லா மிஸ். போலீஸ் வந்தா ஒங்க ஆபீசுக்கும் தெரிஞ்சிரும். ஒங்களுக்குத்தான் நல்லதில்ல."

"என்னையே மிரட்டுறீங்களா?"

பாக்கியலட்சுமி பதறிப்போனாள். வேனில் சாய்ந்து நின்ற ஆபீஸ் டிரைவரை ஒரு பார்வை பார்த்தாள். ஜனகாவின் கையைப் பிடித்துச் சற்றுத் தள்ளி அழைத்துப்போய், அவன் காதில் விழாதபடி சொன்னாள்.

"கீழ் டிவிஷன் பிள்ளைங்களுக்கு எடை பாத்தீங்க, சாப்பாட்டு லிஸ்ட்ல மட்டும் அவங்கள எழுத மறந்துட்டீங்க மிஸ். மேலிடத்துக்குத் தெரிஞ்சா ஒங்க வேலை போயிருமேன்னுதான், எங்க பிள்ளைங்க பங்குல பாதிய அங்க குடுத்து, யாருக்கும் தெரியாம சரிக்கட்டிட்டு வர்றோம்."