கவுச்சி ஆகாத வீடு

கதவு தட்டப்பட்டபோது அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வரலாற்று ஆய்வாளர் அறிவுமதிக்கு உயிரே போய்விட்டது. "மலையைப் பார்த்த வீடு, கவுச்சி ஆகாது" என்று சொல்லித்தான் கிரிவலப் பாதையிலிருந்த அந்த மாடியை வாடகைக்கு விட்டிருந்தார் இருசப்பன்.

ஜன்னல்களைச் சாத்தி, சாம்பிராணியும் போட்டிருந்தாள். போதவில்லை போலும்.

திறந்தாள். நெற்றி நிறைய விபூதியோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டுக்காரரே நின்றார்.

"ஸ்பெயின்காரங்க ஆண்ட காலத்துல மெக்சிகோ எல்லைப்பக்கம் யூதருங்க மதத்த மறைச்சு வாழ்ந்தாங்கன்னு ஆராய்ச்சி பண்றீங்களே, அவங்க எப்படிம்மா மாட்டினாங்க?"

அவர் மூக்கு விடைத்தது.

"சமையல் வாசனையும் ஒரு காரணம் சார். ஊரே பன்னிக் கொழுப்புல சமைக்கும். யூதருங்களுக்குப் பன்னி ஆகாது, இவங்க மட்டும் எண்ணெயில சமைப்பாங்க."

"யாரு காட்டிக் குடுத்தது?"

"அக்கம்பக்கம். சில வீட்ல சொந்தக்காரங்களே."

இருசப்பன் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"சார், நாளைக்கே வீட்ட விட்டுடறேன்" என்றாள்.

"அதெல்லாம் வேணாம்மா. கவுச்சி ஆகாதுன்றது எங்க வீட்டம்மா போட்ட சட்டம்." பின்னாலிருந்த கைகள் முன்னே வந்தன. அவற்றில் ஒரு டிபன் பாக்ஸ். "கொஞ்சம் ஜாஸ்தியாவே ஊத்துங்க."

கீழேயிருந்து அவர் மனைவி பச்சையம்மாளின் குரல் கேட்டது. "மேல இன்னா பண்றீங்க?"

டிபன் பாக்ஸ் மறுபடியும் அவர் முதுகுக்குப் பின்னால் போனது.

"ஆராய்ச்சி பத்திக் கேட்டுக்கினு இருக்கேன்" என்றார்.