கோபுரத்தை ஒட்டியவர்

"ஐயோ, கழுத்தே சுளுக்கிக்கும் போலிருக்கு! எப்படிங்க நிக்குது இது?" என்றாள் மாடல்காரரின் மனைவி.

அறுபது மாடி. அடியில் நாலு லாரி நிற்கிற அளவுக்குத்தான் இடம். மேலே போகப் போக அகன்றுகொண்டே போய், உச்சியில் ஒரு தெருவையே குடிவைக்கலாம். முழுக்கக் கண்ணாடி. வெயில் பட்டுத் தகதகத்தது. திறப்பு விழாவுக்கு வந்த கூட்டம் மொத்தமும் வாயைப் பிளந்தபடி நின்றது.

மாடல்காரர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டடம் எழும்புவதற்கு முன்னால் அதை முழ உயரத்துக்குச் செய்து காட்டுவது அவர் தொழில். இந்தக் கோபுரத்தின் மாடல் வெளிநாட்டிலிருந்து பாகம் பாகமாகப் பெட்டியில் வந்தது. அதை ஒட்டி நிறுத்தியது இவர்தான்.

"அந்த வெளிநாட்டு ஆர்க்கிடெக்ட் உங்களைத் தனியாப் பாக்கணும்னு ஆள் அனுப்பியிருக்காரு. எவ்ளோ பெரிய கௌரவம்! உங்களுக்கு ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"கௌரவமா? இதுக்குத் திறப்பு விழா, என் தொழிலுக்கு மூடுவிழா. பாத்துக்கிட்டே இரு."

"அப்படி என்னத்தப் பண்ணித் தொலைச்சீங்க?"

மேடையில் கட்டடத்தின் முதலாளி முழங்கிக்கொண்டிருந்தார்.

"நாலு வருஷம் முன்னாடி, இந்த ஆர்க்கிடெக்டோட விமானம் வந்து சேர்றதுக்குள்ளேயே நான் மாடலைப் பாத்துட்டேன். பாத்த மாத்திரத்தில கையெழுத்துப் போட்டேன்! நம்ம ஆளுங்களுக்கு இப்படி ஒரு மூளை வருமா? அதெல்லாம் அந்த நாட்டுத் தண்ணி குடிச்சு வளர்ந்தவங்களுக்குத்தான்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மனைவியும் கை சிவக்கத் தட்டினாள்.

உள்ளே ஓர் அறையில் ஆர்க்கிடெக்ட் தனியாக நின்றிருந்தார். மேசைமேல் அந்தப் பழைய மாடல். மாடல்காரர் உள்ளே வந்ததும் அவர் கதவைத் தாழிட்டார்.

"நீங்கதான் ஒட்டினது?" நாலு வருடத்தில் கற்ற அரைகுறைத் தமிழ்.

"மன்னிச்சிடுங்க ஐயா, பிள்ளைகுட்டிக்காரன். பெட்டியில எப்படி ஒட்டணும்னு படம் இல்ல. கேக்கலாம்னா நீங்க விமானத்துல..."

"நான் வந்தேன். எல்லாரும் கைதட்டு. முதலாளி கையெழுத்து முடிஞ்சது. நான் வாய் திறக்கல." அவர் பெருமூச்சு விட்டார். "நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்க?"

"பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடலீங்க!"

ஆர்க்கிடெக்டின் முகம் மலர்ந்தது. மேசைக்கு அடியிலிருந்து ஒரு புதுப் பெட்டியையும் பசை டப்பாவையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அடுத்த ஊர். எண்பது மாடி. நீங்கதான் ஒட்டணும். இதுக்கும் படம் தரமாட்டேன்."

மாடல்காரர் திருதிருவென்று விழித்தார்.

ஆர்க்கிடெக்ட் பழைய மாடலைப் பலகையிலிருந்து மெல்லப் பெயர்த்து, தலைகீழாகத் திருப்பி வைத்தார். அடி அகன்று, நுனி குறுகி, ஊரிலுள்ள நூறு கட்டடங்களைப் போலவே அதுவும் சாதுவாக நின்றது.

"நான் வரைஞ்சது இதுதான்" என்றார்.